வளாகமாகக் கழிந்த 24 ஆண்டுகள்: வவுனியாப் பல்கலைக்கழகமும் அதன் நூலகமும்

கொழும்பு 7, வோர்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் பொரளையில் உள்ள அரசாங்க அச்சகத்துக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். நாட்டின் எந்த மூலையிலுள்ள வளாகமும், அதாவது ஒரு தாய்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கிளையும், தனிப் பல்கலைக்கழகமாவதற்கு இறுதியில் தேவைப்படுவது, இந்தச் சிறு தூரத்துக்குள் தயாராகி வர்த்தமானியில் அச்சாகும் ஒரு கட்டளை மட்டுமே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி அவ்வாறே வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. ஆணைக்குழுவின் கீழுள்ள அரச பல்கலைக்கழகங்களின் வரிசையில் அது 17ஆவது. 1997 ஏப்ரல் 1ஆம் திகதி வளாகமாக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு அக்கட்டளை வந்துசேர 24 ஆண்டுகளும் 4 மாதங்களும் ஆயின.

அந்தத் தாமதத்துக்கு என்ன காரணம், அது முடிந்தபின் எது உடனே மாறியது, எது இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்பவற்றைப் பார்ப்பதே இந்த நிகழ்வு ஆய்வின் நோக்கம். பெயர்ப்பலகை, துணைவேந்தர் பதவி, நிர்வாகத்துக்கான பேரவை, கல்வி விடயங்களுக்கான மூதவை ஆகியவை ஒரு கட்டளையுடன் வந்துவிடுகின்றன. நூலகம் அப்படி வருவதில்லை. ஆகவே ஒரு வளாகம் உண்மையில் எப்போது பல்கலைக்கழகமாகிறது என்பதை அளப்பதற்கு நூலகமே சரியான அளவுகோல் என்ற எண்ணத்துடன் இதை எழுதுகிறேன்.

வடக்கில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொழும்பிலிருந்து எழுதுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் குடும்பங்கள் அனுமதிக் கைந்நூலை விரித்துவைத்துக்கொண்டு இசெட் புள்ளியை ஒப்பிடும்போது, யாழ்ப்பாணமும் வவுனியாவும் திருகோணமலையும் வந்தாறுமூலையும் அந்த வீட்டின் பேச்சுக்குள் வந்துவிடுகின்றன. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற கணக்கில், கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் பல வேளைகளில் மதவாச்சிக்கு அப்பால்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை போகும் இடம் வளாகமா பல்கலைக்கழகமா என்பது பெற்றோருக்குச் சட்டநுணுக்கமன்று.

கம்பஸ் என்னும் சொல்

நம்மவர் பேச்சில் எந்தப் பல்கலைக்கழகமும் கம்பஸ்தான். 'மகளுக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டதா' என்றே கேட்போம். இந்த வழக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம் என்பது என் ஊகம். அச்சட்டம் நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களையெல்லாம் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே நிறுவனமாக்கி, பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்தை ஆகியவற்றை அதன் வளாகங்களாக மாற்றியது. ஆறாவது வளாகமாக 1974 ஓகஸ்ட் 1ஆம் திகதி யாழ்ப்பாணம் சேர்ந்தது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடக்கிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரி வளவே அதன் இருப்பிடமாயிற்று. ஒருகாலத்தில் கொழும்பில் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்த பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார்.

அந்நாளில் யாழ்ப்பாண வளாகத்தின் முக்கிய முடிவுகள் கொழும்பில் இருந்த தலைமையகத்தையே நோக்கியிருந்தன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்ததும், 1979 ஜனவரி 1ஆம் திகதி யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமாகி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் முதல் துணைவேந்தரானார். வளாகமாக அது இருந்த காலம் நான்கரை ஆண்டுக்கும் குறைவு. பின்னாளில் தாய்ப் பல்கலைக்கழகமாகப்போகும் நிறுவனம், தான் சேயாயிருந்த காலத்தை அவ்வளவு விரைவாகக் கடந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டில் தெரிவது

1991இல் மாகாணங்கள்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளைத் தொடங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வடக்குக்கான கல்லூரி வவுனியாவில் அமைந்தது. அத்திட்டத்தில் பிறந்த தென்னிலங்கைக் கல்லூரிகளின் பின்வரலாறு வேறு வகையானது. 1995க்கும் 1996க்கும் இடையில் சபரகமுவ, ரஜரட்ட ஆகிய பெயர்களில் அவை பல்கலைக்கழகங்களாயின. ரஜரட்டவின் வளாகமாக வைக்கப்பட்ட வயம்ப, ஏறத்தாழ மூன்றே ஆண்டுகளில், 1999இல், தனியே பிரிந்தது. வவுனியாக் கல்லூரிக்கோ 1997இல் கிடைத்தது வளாகம் என்ற தகுதி மட்டுமே. கிழக்கில் 1993இல் தொடங்கிய கல்லூரி 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாயிற்று. இன்றும் வளாகமாகவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கண்டதும் பாகுபாடு என்ற சொல் நாவில் வந்துவிடும். அது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 2005இல் ஊவா வெல்லஸ்ஸவும் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும் உருவானபின், ஆணைக்குழுவின் கீழ்ப் புதிய பல்கலைக்கழகம் எதுவுமே 2021 வரை நாட்டின் எப்பகுதியிலும் உருவாகவில்லை. 2021 மார்ச்சில் கம்பஹா விக்கிரமாரச்சி சுதேச மருத்துவப் பல்கலைக்கழகமும், ஓகஸ்ட்டில் வவுனியாவும் ஒரே ஆண்டில் வந்தன. அதாவது, இடையில் கதவு இருமுறை திறந்தது: 1999இல் ஒருமுறை, 2005இல் ஒருமுறை. அவ்விரு தடவையும் வவுனியா கதவடியில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

வீதி மூடியிருந்த காலம்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 வீதி வழியே ஏறத்தாழ 140 கிலோமீற்றர். வளாகம் உருவாகிச் சரியாக ஆறு கிழமைகளில், 1997 மே 13ஆம் திகதி, அந்த வீதியைக் கைப்பற்றுவதற்கான 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை வவுனியாவின் வடக்கெல்லையிலிருந்தே தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு 1996 முதல் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. வவுனியா நகரும் அப்படியே. இடையிலிருந்த வன்னி விடுதலைப் புலிகளிடம் இருந்தது. தாயும் சேயும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தும், ஒன்றையொன்று பார்க்கப் போகும் வழி கொழும்பின் ஊடாகச் சுற்றியே சென்றது. வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வந்து, இரத்மலானையில் விமானம் ஏறிப் பலாலியில் இறங்கவேண்டும். இல்லையென்றால் திருகோணமலைக்குப் போய்க் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் கடலில் வீழ்ந்தபின், அந்த வான்வழியும் சில காலம் பொதுமக்களுக்கு இல்லாமற் போனது. வவுனியாவைவிட்டு வெளியேறுவதற்கே பாஸ் எடுக்கவேண்டியிருந்த நாட்கள் அவை.

மூதவைக் கூட்டம் திருநெல்வேலியில். பரீட்சை வினாத்தாள் ஒப்புதல் அங்கே. நியமனக் கோப்பு அங்கே. நூல் கொள்வனவு ஒப்புதலும் அங்கே. ஒரு கோப்பு போய்த் திரும்புவதற்கு இத்தகைய பயணம் தேவைப்பட்ட இடத்தில், தனிப் பல்கலைக்கழகமாகும் கோரிக்கையை வலியுறுத்தும் வலு எவ்வாறு திரண்டிருக்கும்? தாய் நிறுவனத்தின் நிலையும் அன்று மெச்சத்தக்கதாயில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்களோடு இடம்பெயர்ந்து, மீண்டும் தன் கட்டடங்களுக்குத் திரும்பி எழுந்துகொண்டிருந்த பல்கலைக்கழகம் அது.

ஆனாலும் போரை மட்டுமே காரணமாக்கிவிட முடியாது. வளாகக் காலமாகிய 24 ஆண்டுகளில் ஏ9 மூடியிருந்தது 1997 முதல் 2002 ஏப்ரல் வரையும், 2006 ஓகஸ்ட் முதல் 2009இன் இறுதி வரையுமாகச் சற்றேறக்குறைய எட்டு ஆண்டுகள். எஞ்சிய பதினாறு ஆண்டுகள் வீதி திறந்தே இருந்தது. 2005இல் கதவு திறந்தபோது போர்நிறுத்தம் பெயரளவிலாவது நடைமுறையில் இருந்தது. அப்போது வவுனியாவின் பெயர் பட்டியலில் இடம்பெறாததற்கு, மாணவர் தொகை குறைவு, கட்டடங்கள் வாடகையிலும் சிதறலிலும் இருந்தமை, அரசியல் அழுத்தம் வேறு திசைகளில் குவிந்திருந்தமை ஆகிய மூன்றும் சேர்ந்தே காரணம் என்பது என் மதிப்பீடு. நகருக்குள் பூங்கா வீதியிலும் குருமன்காட்டிலும் பிரிந்து இயங்கிய வளாகத்துக்கு, மன்னார் வீதியில் பம்பைமடுவே நிலையான இருப்பிடமாக ஒதுக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த 2009இல் அங்கே எழுந்திருந்த விடுதிக் கட்டடங்கள் மாணவருக்கல்லாமல், சரணடைந்த பெண் போராளிகளைத் தடுத்துவைப்பதற்கே பயன்பட்டன. அதன்பின்னரே பம்பைமடு மெல்ல மெல்லப் பீடங்களின் இடமாயிற்று.

பிறந்த நேரம்

2021 வடபுலப் பல்கலைக்கழக வரலாற்றில் இரு முகம் காட்டிய ஆண்டு. ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதும், எதிர்ப்பின்பின் அது மீளக் கட்டப்பட்டதும் உலகச் செய்திகளாயின. ஓகஸ்ட்டில் வெளியான வவுனியாக் கட்டளை அந்த அளவு கவனம் பெறவில்லை. பேராசிரியர் த. மங்களேஸ்வரன் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்க, வியாபாரக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்களுடன் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியது.

நேரம் நல்லதாக வாய்க்கவில்லை. ஓகஸ்ட் 20ஆம் திகதி முதல் ஒக்டோபர் 1ஆம் திகதி வரை கொரோனாவுக்காக நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. விரிவுரைகள் திரையில் நடந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டதும், ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில கிழமைகளில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட காலம் அது. பெயர் மாறி ஓராண்டுகூட ஆகாத ஒரு பல்கலைக்கழகம் நூல் வாங்கப் புறப்பட்ட பொழுது இதுதான்.

நூலகம்

பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நூலகர் பதவிவழி மூதவை உறுப்பினர். கல்வித்திட்டம் ஒன்று மூதவைக்கு வரும்போதே 'இதற்கான நூல்கள் நம்மிடம் உண்டா' என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வளாக நூலகத்தின் பொறுப்பாளருக்கு அந்த ஆசனம் இல்லை. அவர் சொல்லவேண்டியதைத் தாய் நிறுவனத்தின் நூலகர் வழியாகவே சொல்லவேண்டும். ஆகவே 2021இன் மாற்றத்தில் நூலகத்துக்குக் கிடைத்த முதற்பேறு மூதவையில் ஒரு நாற்காலி. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். புதிய பட்டப்படிப்பு தொடங்கி மூன்றாம் ஆண்டில்தான் உசாத்துணை நூல்கள் வந்துசேரும் நிலையைக் கண்டவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

அதற்கு அடுத்ததாக வருவது உடைமை. அரச பல்கலைக்கழகம் ஒன்றின் அலமாரியில் உள்ள ஒவ்வொரு நூலும் அரச சொத்து. சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் இலக்கம் உண்டு. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பில் அது எண்ணப்படும். கணக்காய்வாளர் கேட்டால் காட்டவேண்டும். இரு நிறுவனங்கள் பிரியும்போது, நூல் அதே அலமாரியில் அசையாமல் இருந்தாலும், அதன் இலக்கமும் முத்திரையும் கடன்வழங்கல் தரவுத்தளமும் இடம்மாறவேண்டும். கட்டடத்தைக் கையளிக்க ஓர் ஆவணம் போதும். நூல்களைக் கையளிக்க ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். இப்பணியைச் செய்பவர்களின் பெயர் எந்தத் திறப்பு விழா அழைப்பிதழிலும் வருவதில்லை.

மின்வழிச் சேவைகளில் நிலை சற்று எளிது. நம் பல்கலைக்கழக நூலகங்களிற் பல, நியூசிலாந்தில் ஒரு சிறுநகர நூலகத்துக்காக உருவான 'கோஹா' என்ற கட்டணமற்ற மென்பொருளிலேயே பட்டியலை நடத்துகின்றன. ஆய்வுக்கட்டுரைகளை இணையத்தில் சேமித்துவைக்கும் ஆய்வுக்களஞ்சியங்களுக்கு 'டிஸ்பேஸ்' பயன்படுகிறது. மென்பொருளுக்குப் பணமில்லை என்பதால் புதிய நூலகம் ஒன்று தனக்கென ஒரு பட்டியலைத் தொடங்குவது கடினமன்று. சஞ்சிகைச் சந்தா வேறு கதை. அதற்கு டொலரில் செலுத்தவேண்டும். 2022க்குப் பின் ஒரே ரூபாய் ஒதுக்கீடு முன்னையதில் ஏறத்தாழ பாதியளவு பண்டத்தையே வாங்கியது.

வாங்க முடிவதும் முடியாததும் என்ற பிரிவினையே என் பார்வையில் முதன்மையானது. புள்ளிவிபரவியலுக்கோ கணக்கியலுக்கோ உரிய பாடநூலைப் பணமிருந்தால் என்றைக்கும் வாங்கலாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தூயி வகுப்பில் 894.811 என்ற எண்ணின் கீழ் வரும் தமிழ் இலக்கியத்தில் ஈழத்துப் பதிப்புகளை அவ்வாறு வாங்க முடியாது. அவை சில நூறு பிரதிகள் அச்சாகி, நண்பர்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் போய், மறுபதிப்பின்றி முடிந்தவை. 1981 ஜூன் 1ஆம் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபின், அந்நாளில் ஏழு வயதுகூட நிறையாத பல்கலைக்கழக நூலகத்தின்மேல் வந்து விழுந்த சுமை, பாடத்திட்டத்துக்கு நூல் வழங்குவது மட்டுமன்று. எஞ்சியதைத் தேடிச் சேர்ப்பதும் அதன் வேலையாயிற்று. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் பல்கலைக்கழக மைதானத்திலேயே உலங்குவானூர்தியில் வந்திறங்கிப் போரிட்டதையும், 1995இன் இடப்பெயர்வையும் கடந்து அந்தச் சேகரம் திருநெல்வேலியில் நிற்கிறது. அதைப் பிரித்துப் பங்கிடுவதில் பொருளில்லை, பிரிக்கவும் கூடாது.

அப்படியானால் வவுனியா எதைச் சேர்ப்பது? வியாபாரம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் மூன்றும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் தமிழ்ச் சேகரம் தேவையில்லை என்ற வாதம் எழக்கூடும். அதை ஏற்கத் தயங்குகிறேன். வன்னிப் பெருநிலத்துக்கு அதுவே முதற்பல்கலைக்கழகம். 2009இன் இறுதிப் போரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்கள் வீட்டு நூல்களையும் பாடசாலைப் பதிவேடுகளையும் கோயில் கணக்குகளையும் கைவிட்டு ஓடினார்கள். குளங்களின் வரலாறும் காணி உறுதிகளும் நாட்டுப்பாடல்களும் கூட்டுறவுச் சங்க அறிக்கைகளும் வன்னியில் சிதறிக் கிடக்க, அவற்றைத் திரட்டும் இடம் திருநெல்வேலியாக இருப்பதைவிடப் பம்பைமடுவாக இருப்பதே இயல்பு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து ஆவணங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவாக்கி வருவதால், அச்சுப் பிரதி கிடைக்காதவற்றைப் படிக்க இன்று ஒரு வழி இருக்கிறது. ஆயினும் மின்வடிவாக்குவதற்குமுன் யாரோ ஒருவர் அந்தத் தாளைக் கறையானிடமிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரையும் இங்கே ஒரு வரியில் சேர்க்கவேண்டும். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய விவசாய பீடம் போரால் திருநெல்வேலிக்கு ஒதுங்கி, போருக்குப்பின் இந்திய அரசின் உதவியுடன் திரும்பிவந்தது. பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கேயே எழுந்தன. அவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களாகவே தொடர்வதால், அவற்றின் நூலகங்கள் கிளை நூலகங்கள். உடைமைப் பிரச்சினை எழவில்லை.

திருகோணமலையின் முறை

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இயங்குகிறது. சித்த மருத்துவமும் தொடர்பாடல், வணிகக் கற்கைகளும் பிரயோக விஞ்ஞானமும் அங்குண்டு. வளாகமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதைத் தனிப் பல்கலைக்கழகமாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் கட்டடமும் ஆளணியும் முதலில் எண்ணப்படுகின்றன. வவுனியாவின் அனுபவத்திலிருந்து எடுக்கக்கூடிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: கட்டளைக்குக் காத்திராமல், வளாக நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டை இப்போதே தனியாகப் பேணத் தொடங்கினால், பிரியும் நாளில் ஓராண்டு வேலை மிச்சமாகும். சித்த மருத்துவச் சுவடிகளைப் பொறுத்தவரை இது இன்னும் அவசரம். அவை எவருடைய பதிவேட்டிலும் முறையாக ஏறாவிட்டால், பிரிவினையின்போது அவற்றைக் கேட்பாரும் இருக்கமாட்டார்.

கொழும்பிலிருந்து தேடுபவருக்கு

வவுனியா ஆய்வாளர்கள் 2021 ஓகஸ்ட்டுக்கு முன்னர் எழுதிய கட்டுரைகளில் அவர்களின் முகவரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் என்றே இருக்கும். பின்னர் எழுதியவற்றில் வவுனியாப் பல்கலைக்கழகம் என்றிருக்கும். ஆள் ஒருவரே, அறை ஒன்றே, ஆய்வுகூடமும் ஒன்றே. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலக மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து வன்னியின் நெற்செய்கை பற்றியோ சிறு வணிகம் பற்றியோ தேடும் மாணவர், யாழ்ப்பாணக் களஞ்சியத்தில் ஒருமுறையும் வவுனியாக் களஞ்சியத்தில் ஒருமுறையுமாக இரண்டு தடவை தேடவேண்டும். ஒன்றில் மட்டும் தேடி, 'இதைப்பற்றி எவரும் எழுதவில்லை' என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதிவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள்.